அப்பீலுக்கே ஒரு பர்மிஷனா?

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பி.காம். மூன்றாம் வருஷம். சட்டம் என்று நான் படித்தது பிசினஸ் லா பேப்பர் ஒன்றுதான், அதிலும் ஜஸ்ட் பாஸ் :-) ஆனாலும் ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கிற ஒரு விஷயம். எழுதித் தள்ளினால்தான் எக்ஸாமுக்குப் படிக்க முடியும்.

கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிங்க.

ஆடிட்டிங் வகுப்பில் முதல் நாளே சார் சொன்ன விஷயம் இது: "தான் எழுதின கணக்கைத் தானே ஆடிட் பண்ணக் கூடாது." பெட்டிக்கடைக் கணக்காக இருந்தாலும் சரி, பெரிய கம்பெனி கணக்காக இருந்தாலும் சரி. நேர்மை இல்லாதவன் என்பதற்காக இல்லை. எழுதினவன் கண்ணுக்கு எழுதினவன் தப்பு தெரியாது, அவ்வளவுதான்.

அன்றைக்கு சாயங்காலம் லா காலேஜ் நண்பன் ஒருத்தன் டீக்கடையில் உட்கார்ந்து, அமெரிக்கச் சட்டம் பற்றி ஏதோ தயார் பண்ணிக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில் சொன்னான். "அங்க ஹேபியஸ் மனு தள்ளுபடி ஆனா நேரா அப்பீல் போக முடியாதுடா. முதல்ல ஒரு சர்டிபிகேட் வாங்கணும்."

"யார்கிட்ட?"

"முதல்ல தள்ளுபடி பண்ண அதே ஜட்ஜ்கிட்ட."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். "டேய், இது எங்க ஆடிட்டிங் சாருக்குத் தெரிஞ்சா அழுதுடுவார்டா" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அது ஒரு ஃபில்டர்டா, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றான்.

ஃபில்டர் என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை என்ன?

நம்ம ஊரில் ஹேபியஸ் கார்ப்பஸ், அதாவது ஆட்கொணர்வு மனு என்றால் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். போலீஸ் கூட்டிக்கொண்டு போன ஆளைக் காணோம், காதல் கல்யாணம் பண்ணிக்கொண்ட பெண்ணை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள், குண்டர் சட்டத்தில் உள்ளே போட்டிருக்கிறார்கள் என்றால் ஹைகோர்ட்டுக்குப் போய் "ஆளைக் கொண்டுவந்து நிறுத்து" என்று கேட்பது.

அமெரிக்காவில் அதற்கு இன்னொரு பெரிய வேலை இருக்கிறது. மாநில கோர்ட்டில் வழக்கு நடந்து, தண்டனை கிடைத்து, மாநில அளவில் அப்பீல் எல்லாம் தோற்றுப்போன ஒரு கைதி, "என் விசாரணையில் நாட்டின் அரசியல் சட்டத்தையே மீறியிருக்கிறார்கள்" என்று மத்திய கோர்ட்டின் கதவைத் தட்டலாம். மாநிலக் கைதிகளுக்கு இந்தக் கதவைத் திறந்துவிட்டது 1867-ல் வந்த சட்டம். உள்நாட்டுப் போர் முடிந்த சமயம். தெற்கு மாநில கோர்ட்டுகளை நம்ப முடியாது என்று வடக்கில் இருந்தவர்கள் நினைத்த காலம்.

இந்த மனுவை முதலில் விசாரிப்பவர் மத்திய மாவட்ட நீதிபதி. அவர் தள்ளுபடி செய்தால் அடுத்து வட்டார அப்பீல் கோர்ட். அதற்கும் மேலே சுப்ரீம் கோர்ட்.

முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் ஒரு கேட் போட்டிருக்கிறார்கள். அதன் பெயர்தான் சர்டிபிகேட் ஆஃப் அப்பீலபிலிட்டி. நான் சான்றிதழ் என்றே எழுதுகிறேன். இது கையில் இல்லாமல் அப்பீல் கோர்ட் உங்கள் வழக்கை எடுக்கவே எடுக்காது. எடுக்க அதிகாரமே கிடையாது.

இதன் கொள்ளுத்தாத்தா 1908-ல் பிறந்தது. மரண தண்டனைக் கைதிகள் தேதியைத் தள்ளிப்போடவே அப்பீல் மேல் அப்பீல் போடுகிறார்கள் என்று புகார் வந்ததால் கொண்டுவந்தார்கள். இப்போது இருக்கும் வடிவம் 1996-ல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில் ஓக்லஹோமா சிட்டியில் குண்டு வெடித்து 168 பேர் செத்துப்போனார்கள். நாடே கொதித்துப்போயிருந்த நேரம். பயங்கரவாத எதிர்ப்பு, மரண தண்டனையை வேகப்படுத்துவது என்று ரெண்டையும் ஒரே சட்டத்தில் கட்டி 1996 ஏப்ரலில் பில் கிளின்டன் கையெழுத்துப் போட்டார். வாகனம் திருடியவன், கொள்ளை அடித்தவன், குண்டுக்குத் துளியும் சம்பந்தம் இல்லாத எல்லாக் கைதிக்கும் அதில் சேர்த்து கேட் போட்டாச்சு. அதுவரைக்கும் இந்தத் தொல்லை இல்லாத மத்திய அரசுக் கைதிகளையும் சேர்த்தே உள்ளே இழுத்துவிட்டார்கள்.

எப்படி வாங்குவது?

சட்டம் கேட்பது, அரசியல் சட்ட உரிமை ஒன்று மறுக்கப்பட்டது என்பதற்குக் கணிசமான முகாந்திரம். இதற்கு சுப்ரீம் கோர்ட் கொடுத்த விளக்கத்தை நம்ம பாஷையில் சொன்னால்: "மாவட்ட நீதிபதி சொன்னது சரியா தப்பா என்று நியாயமாக யோசிக்கிற நீதிபதிகள் விவாதிக்க இடம் இருக்கிறதா? இருந்தால் சான்றிதழ் கொடு." ஜெயிப்பான் என்று காட்ட வேண்டியதில்லை. விவாதத்துக்கு இடம் இருந்தாலே போதும். பேப்பரில் பார்த்தால் தாராளமாகத்தான் தெரிகிறது.

இப்ப நடைமுறையைப் பாருங்க.

மனுவைத் தள்ளுபடி செய்யும்போதே சான்றிதழ் உண்டா இல்லையா என்பதையும் அதே மாவட்ட நீதிபதி சொல்லிவிட வேண்டும். 2009-ல் இருந்து விதியே அப்படித்தான். அதாவது, "உன் மனு தப்பு" என்று நாற்பது பக்கம் எழுதியவர், நாற்பத்தி ஒன்றாம் பக்கத்தில் "நான் எழுதினதை நியாயமான யாராவது சந்தேகப்படுவார்களா?" என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீங்க?

அவர் மறுத்தால் அப்பீல் கோர்ட்டிடம் கேட்கலாம். மாநிலக் கைதிக்கு 30 நாள் கெடு. வக்கீல்? மரண தண்டனைக் கைதிக்கு மட்டும் அரசு செலவில் வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு இந்தக் கட்டத்தில் வக்கீல் கேட்கும் உரிமையே இல்லை. பெரும்பாலானவர்கள் சிறை நூலகத்தில் உட்கார்ந்து தாங்களே எழுதிப் போடுகிறார்கள். பல சமயம் பதில் ஒரே வரியில் வருகிறது: கணிசமான முகாந்திரம் காட்டவில்லை, மறுக்கப்பட்டது. அவ்வளவுதான். இருபது வருஷ தண்டனைக்கு ஒரு வரி.

என் கோபம் எங்கே ஆரம்பிக்கிறது

கேட் இருப்பதற்கே நான் கோபப்படவில்லை. கூட்டம் இருந்தால் கேட் வரும், புரிகிறது. கேட் யாருக்கு என்பதுதான் கேள்வி.

கைதி தோற்றால் சான்றிதழ் வேண்டும். ஆனால் அதே வழக்கில் கைதி ஜெயித்து அரசாங்கம் தோற்றால்? அரசாங்கத்துக்குச் சான்றிதழ் வேண்டாம்! அப்பீல் நடைமுறை விதிகள் 22-ல் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. மாநில அரசோ மத்திய அரசோ அப்பீல் போட்டால் சான்றிதழ் தேவையில்லை. நேராகப் போகலாம்.

ரெண்டு கம்பெனிக்கு நடுவில் சிமென்ட் சப்ளை தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய மாவட்ட கோர்ட்டில் தோற்ற கம்பெனி நேராக அப்பீல் போகும். "நியாயமான நீதிபதிகள் விவாதிப்பார்களா" என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது உரிமை. சிமென்ட் மூட்டைக்கு இருக்கிற உரிமை, மனுஷன் உயிருக்கு இல்லை.

சிலர் சொல்வீங்க: "நம்ம சுப்ரீம் கோர்ட்டுக்கும் ஸ்பெஷல் லீவ் பெட்டிஷன்னு பர்மிஷன் கேட்டுத்தானே போறோம்?" உண்மைதான். ஆனால் அந்தப் படியில் அரசாங்கமும் வரிசையில் நின்று பர்மிஷன் கேட்கிறது. கொடுப்பவரும் தீர்ப்பு எழுதினவர் இல்லை, மேல் கோர்ட். இங்கே ஒரே வழக்கில், ஒரே தீர்ப்பில், ஒருத்தனுக்குப் பூட்டின கேட், இன்னொருத்தனுக்குத் திறந்த வாசல்.

டபுள் என்ட்ரி படித்த எவனும் இதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாது. டெபிட் ஒரு விதி, கிரெடிட் ஒரு விதி என்றால் அந்த லெட்ஜர் எந்த ஜென்மத்தில் டாலி ஆகும்?

"ஆனா அது நல்லாத்தானே வடிகட்டுது?"

நண்பன் கேட்டது இதுதான். வடிகட்டி குப்பையை நிறுத்தி, நல்லதை விட்டால் சரி. எதை நிறுத்தியது என்று பார்ப்போம். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் வருபவர்கள் யாரும் தியாகிகள் இல்லை. கொலைக் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள். இவர்களால் செத்தவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. நான் கேட்பது இவர்கள் நல்லவர்களா என்று இல்லை. விசாரணை ஒழுங்காக நடந்ததா என்று கேட்க ஒரு மேல் கோர்ட் கிடைத்ததா என்றுதான்.

முதல் ஆள் தாமஸ் மில்லர்-எல். டெக்சாஸ், டல்லாஸ். 1986-ல் மரண தண்டனை. கறுப்பினத்தவர். ஜூரியில் உட்காரத் தகுதியான கறுப்பினத்தவர்கள் 11 பேர் இருந்தார்கள். காரணம் சொல்லாமல் ஆளை நீக்கும் உரிமையை வைத்து அரசு வக்கீல்கள் 10 பேரை வெளியே அனுப்பினார்கள். பதினொன்றில் பத்து! இது விவாதத்துக்குரிய விஷயமே இல்லை என்று மாவட்ட கோர்ட்டும் சொன்னது, ஐந்தாம் வட்டார அப்பீல் கோர்ட்டும் சொன்னது. சான்றிதழ் கிடையாது. 2003-ல் சுப்ரீம் கோர்ட் 8-க்கு 1 என்ற கணக்கில் "தப்பு, விவாதிக்க இடம் இருக்கிறது" என்றது. சான்றிதழ் கட்டத்திலேயே முழு வழக்கையும் தீர்த்துவிட்டு, "தோற்பான், அதனால் சான்றிதழ் இல்லை" என்று சொல்லக் கூடாது என்று பாடமும் எடுத்தது. வழக்கு திரும்பிப் போனது. அப்பீல் கோர்ட் மறுபடியும் அவரைத் தோற்கடித்தது. 2005-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தலையிட்டு, 6-க்கு 3 என்று, ஜூரித் தேர்வில் இனப் பாகுபாடு நடந்தது என்றே தீர்ப்புச் சொன்னது. கவனிங்க, "விவாதத்துக்கே இடமில்லை" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிய அதே வழக்கு கடைசியில் ஜெயித்தது.

சரி, பாடம் எடுத்தாச்சே, அதற்கப்புறம் திருந்தியிருப்பார்கள் என்று நினைக்கிறீங்களா? ரெண்டாவது ஆள் டுவேன் பக். அதே டெக்சாஸ், அதே ஐந்தாம் வட்டாரம். 1997-ல் நடந்த விசாரணை. அங்கே மரண தண்டனை கொடுக்க, இந்த ஆள் எதிர்காலத்திலும் ஆபத்தானவன் என்று ஜூரி முடிவு செய்ய வேண்டும். பக்கின் சொந்த வக்கீலே ஒரு மனநல நிபுணரைக் கூட்டிவந்தார். கறுப்பினத்தவர் என்பதால் வன்முறை செய்யும் வாய்ப்பு அதிகம் என்று அந்த நிபுணர் சாட்சி சொன்னார். கூட்டிவந்தது நம்ம பக்கத்து வக்கீல்!! இதே நிபுணரின் இதே மாதிரி சாட்சி இருந்த மற்ற வழக்குகளில் தப்பு நடந்துவிட்டது என்று டெக்சாஸ் அரசே 2000-ல் ஒத்துக்கொண்டு, மறுபடி தண்டனை விசாரணைக்குச் சம்மதித்தது. பக்குக்கு மட்டும் இல்லை.

இந்த வழக்கிலும் சான்றிதழ் மறுப்பு. இனத்தைப் பற்றிய பேச்சு ரொம்பச் சொற்பம்தான் என்று மாவட்ட கோர்ட் சொன்னது. 2017-ல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 6-க்கு 2 என்று தீர்ப்பு எழுதி அதை உடைத்தார். விஷம் கொஞ்சமாக இருந்தாலும் விஷம்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். ராபர்ட்ஸ் ஒன்றும் கைதிகளின் காவலர் என்று பெயர் எடுத்தவர் இல்லை, பழமைவாதி. அவருக்கே தெரிந்தது கீழே இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வருஷமே பக்கின் தண்டனை ஆயுளாக மாறியது.

அந்த வழக்கில் பக்கின் வக்கீல்கள் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஐந்து வருஷத்தில் மரண தண்டனை வழக்குகளில், ஐந்தாம் வட்டாரம் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேருக்குச் சான்றிதழ் மறுத்திருக்கிறது. பதினோராம் வட்டாரத்தில் அது சுமார் 6 சதவீதம். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே அளவுகோல். உங்கள் உயிர் எந்த ஊரில் மாட்டிக்கொண்டது என்பதுதான் வித்தியாசம்.

தாராளமான பதினோராம் வட்டாரத்திலும் கதை இருக்கிறது. ஜார்ஜியா மாநிலம், கீத் தார்ப். 1991-ல் மரண தண்டனை. ஜூரியில் இருந்த ஒரு வெள்ளைக்காரர், கறுப்பினத்தவர்களுக்கு ஆன்மா என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் என்கிற மாதிரி பிற்பாடு எழுத்து மூலமாகச் சொன்னார், கையெழுத்தோடு. அதற்கும் சான்றிதழ் மறுப்பு. 2017 செப்டம்பரில், தண்டனைக்குக் குறித்த அன்றைக்கே இரவில், சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வைத்தது. 2018 ஜனவரியில் "மறுபடி யோசி" என்று திருப்பி அனுப்பியது. மறுபடி யோசித்து மறுபடி மறுத்தார்கள். 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் கையை விரித்தது. 2020 ஜனவரியில் தார்ப் சிறையிலிருக்கும்போதே இறந்துபோனார். அந்த ஜூரியின் வார்த்தையை எடைபோட்டு ஒரு முழு அப்பீல் கடைசி வரை நடக்கவே இல்லை.

மூன்றில் ஒருவர் "யோசிக்கலாம்" என்றால்?

என்னைத் தூங்கவிடாத வழக்கு இது. மிசிசிப்பியின் ரிச்சர்ட் ஜோர்டன். 1976-ல் செய்த கொலை. அரசு வக்கீலோடு ஒப்பந்தம் போட்டு, ஒரு கட்டத்தில் அவருக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தத் தண்டனைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். திரும்பி வந்தபோது அரசு வக்கீல் பழைய ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் மறுபடி மரண தண்டனை கேட்டு வாங்கினார். "நான் கோர்ட்டுக்குப் போனதற்குப் பழிவாங்குகிறார்" என்பது ஜோர்டன் வாதம்.

சரியோ தப்போ, இது விவாதத்துக்குரியதா? ஐந்தாம் வட்டாரத்தில் மூன்று நீதிபதிகள். ரெண்டு பேர் இல்லை என்றார்கள். ஒருவர் ஆம், விவாதிக்க இடம் இருக்கிறது, சான்றிதழ் கொடுக்கணும் என்று காரணத்தோடு எழுதினார். சான்றிதழ் மறுக்கப்பட்டது.

ஒரு நிமிஷம் நின்று யோசிங்க. அளவுகோல் என்ன? நியாயமான நீதிபதிகள் விவாதிப்பார்களா என்பது. மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து அதையே விவாதித்து, பிளவுபட்டு, எழுத்திலும் போட்டுவிட்டார்கள். அப்புறம் "இது விவாதத்துக்குரியது இல்லை" என்று தீர்ப்பு. அப்படியென்றால் அந்த மூன்றாவது நீதிபதி நியாயமானவர் இல்லை என்று அர்த்தமா? வேறு என்ன அர்த்தம் எடுப்பது?

இதைத்தான் 2015-ல் நீதிபதி சோனியா சொட்டோமேயர், இன்னும் இரண்டு நீதிபதிகள் சேர, சுட்டிக்காட்டினார். பெரும்பான்மை வழக்கை எடுக்கவில்லை. வேறு சில வட்டாரங்களில் மூன்றில் ஒரு நீதிபதி சரி என்றாலே சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். ஜோர்டன் வழக்கு அங்கே நடந்திருந்தால் அப்பீல் உண்டு. மிசிசிப்பியில் நடந்தது. 2025 ஜூன் 25 அன்று, 79 வயதில், அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அப்பீல் நடந்திருந்தால் ஜெயித்திருப்பாரா? தோற்றும் இருக்கலாம். ஆனால் தோற்பதற்குக்கூட உள்ளே போக வேண்டுமே?

எதிர்க்கட்சி வாதம்

நேர்மையாக அதையும் சொல்லணும். கைதிகள் போடும் மனுக்களில் பெரும்பாலானவை நிற்காதவை. 2007-ல் வந்த ஒரு பெரிய ஆய்வுப்படி, மரண தண்டனை அல்லாத வழக்குகளில் நூற்றில் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. எல்லாவற்றையும் முழு அப்பீலாக நடத்தினால் கோர்ட் மூழ்கிவிடும். செத்தவர் குடும்பத்துக்கும் வழக்கு ஒரு நாள் முடிய வேண்டும். இதெல்லாம் நிஜமான கவலைகள்.

என் பதில் இரண்டு. ஒன்று, நிற்காத அப்பீலைச் சுருக்கமாக, வாய்மொழி வாதம் இல்லாமல் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அப்பீல் கோர்ட்டுக்கு ஏற்கெனவே இருக்கிறது. தினமும் அதைச் செய்கிறார்கள். தனியாக ஒரு கேட் எதற்கு? அதிலும் சான்றிதழ் மனுவையும் யாரோ படித்துத்தானே ஆக வேண்டும்? மில்லர்-எல் கதையில் மிச்சமான நேரம் எவ்வளவு? சுப்ரீம் கோர்ட்டுக்கு இரண்டு தடவை போய்வந்ததுதான் மிச்சம்.

இரண்டு, நூற்றில் ஒருவர்கூட ஜெயிப்பதில்லை என்பது கேட்டுக்கு ஆதரவான வாதம் இல்லை. ஆயிரம் வவுச்சரில் ஒன்றுதான் போலி என்றால் ஆடிட்டை நிறுத்திவிடுவோமா? அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் ஆடிட்டே. அதிலும் போலி வவுச்சர் எழுதினவரிடமே "இது போலியா சார்?" என்று கேட்டு, அவர் இல்லை என்றால் ஃபைலை மூடுவது எந்த ஊர் ஆடிட்?

என்ன செய்யலாம்?

கேட்டையே தூக்கிவிடு என்பது என் கட்சி. அது முடியாது என்றால் குறைந்தபட்சம் நாலு விஷயம். மனுவைத் தள்ளுபடி செய்த நீதிபதியிடம் சான்றிதழ் அதிகாரம் இருக்கக் கூடாது. எந்த வட்டாரமானாலும் மூன்றில் ஒரு நீதிபதி போதும் என்றால் போதும். மறுத்தால் காரணம் எழுது, ஒரு வரி அல்ல. கடைசியாக, கைதிக்கு கேட் என்றால் அரசாங்கத்துக்கும் கேட். இந்த நாலாவதை மட்டும் கொண்டுவந்து பாருங்க, கேட் எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகும் என்று! அரசாங்கம் வரிசையில் நின்றால்தான் வரிசை நீளம் அரசாங்கத்துக்குத் தெரியும்.

இந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு எங்கேயோ இருக்கிற அமெரிக்காவுக்கு நீ ஏன்டா கவலைப்படுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய அக்கிரமம் எல்லாம் பெரிய அக்கிரமம் மாதிரி வராது என்று எனக்கு இதைப் படித்தபோதுதான் உறைத்தது. ஒரு படிவம், ஒரு சான்றிதழ், முப்பது நாள் கெடு, ஒரு வரி உத்தரவு என்றுதான் வரும். யாருக்கும் கோபம் வராது. "நடைமுறைதானே" என்று கடந்துபோய்விடுவோம்.

நேற்று மறுபடி டீக்கடையில் நண்பனைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னும் அது ஃபில்டர்தான்டா" என்றான். "ஆனா என்ன வடிகட்டுதுன்னு இப்பத்தான் தெரியுது."

டீக்குக் காசு அவனே கொடுத்தான்.